மூன்று பற்றரிகளைச் சாகடித்தது யார்?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் கார் என்னை உள்ளே விட மறுத்துவிட்டது.

கைப்பிடியைத் தொட்டால் 'கீக்' என்று ஒரு சத்தம் வரும், கதவு திறக்கும் - அதுதான் வழக்கம். அன்று சத்தமும் இல்லை, கதவும் திறக்கவில்லை. சாவியைக் கண்ணாடிக்கு நேரே பிடித்து ஆட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அந்தச் சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன இரும்புச் சாவியை உருவி, பழைய காலத்து மனிதனைப் போலத் துவாரத்தில் போட்டுத் திறந்தேன். பட்டனை அழுத்தினேன். ஒரு சின்ன வெளிச்சம்கூட வரவில்லை.

என் மனைவிக்கு ஒன்பது மணிக்குக் கண் வைத்தியர். கிளினிக் கொப்பியும் கையுமாக வாசலில் நின்றவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீதியால் போன ஓட்டோவுக்குக் கையைக் காட்டி, ஏறிப் போய்விட்டாள். கேட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

பற்றரி இறங்கிவிட்டது. ஒரு வருடத்தில் மூன்றாவது புதுப் பற்றரி.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடம் இரசாயனவியல் படிப்பித்து, ஓய்வு பெற்ற பின் வாங்கிய சின்ன யப்பான் ஹைபிரிட். வாங்கிச் சில மாதங்களில் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அமிர்தகழியில் என் வீட்டு முற்றத்தில் சும்மா நின்ற காரின் விலை தானாக ஏறத் தொடங்கியது! ஓடினால் மீற்றர் கூடும். மீற்றர் கூடினால் மதிப்புக் குறையும். ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன் - காரை வைத்திருப்பது, ஆனால் ஓடாமல் இருப்பது.

சந்தைக்குச் சைக்கிளில் போனேன். கல்யாண வீடுகளுக்குப் பஸ்ஸில் போனோம். மழை பெய்தால் போகாமல் விட்டோம். யாராவது வந்து, "எவ்வளவு ஓடியிரிக்கு சேர்?" என்று கேட்டால் போதும், மகளின் பரீட்சைப் பெறுபேற்றைச் சொல்வது போலச் சொல்வேன் - "ஆறு வருசம்... ஒன்பதாயிரம்." வந்தவர் வாயைப் பிளப்பார். அந்த வாய் பிளப்பதற்காகவே கார் வைத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான் ஒருவன்தானா இப்படி? உங்கள் ஒழுங்கையிலும் துணி போர்த்திய கார் ஒன்று நிற்கும். எட்டிப் பாருங்கள்.

ஹைபிரிட் காரில் இரண்டு பற்றரிகள் உண்டு. பெரியது காரை ஓட்டும். சின்னது, மற்றக் கார்களில் இருப்பது போன்றதுதான், கதவைத் திறக்கும், திரையை எரிய வைக்கும், காரை எழுப்பிவிடும். சின்னது செத்தால் பெரியது எத்தனை பலசாலியாக இருந்தும் பயனில்லை. இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் காத்தான்குடியில் பற்றரிக் கடை வைத்திருப்பவர். காரோடு வந்த பற்றரி போன வருடம் வயதாகிச் செத்தபோது புதியது பூட்டியவரும் அவர்தான்.

பூட்டிவிட்டு அவர் ஒரு புத்தி சொன்னார். வாரத்துக்கு ஒருமுறையாவது காரை ஓடச் சொன்னார். அது ஏலாவிட்டால் ஒவ்வொரு காலையும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி விடச் சொன்னார். மீற்றர் கூடாத வழி எதுவோ அதை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சல் கிடந்த அன்றுகூட எழும்பிப் போய் ஸ்டார்ட் பண்ணினேன்.

இரண்டு மாதத்தில் அந்தப் பற்றரி செத்தது.

அவர் மறுபேச்சில்லாமல் வேறு புதியது தந்தார். தரும்போது மட்டும், "சேர், காலையில ஸ்டார்ட் பண்றது சரியாத்தானே செய்றீங்க?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஈய அமிலக் கலத்தைக் கரும்பலகையில் ஆயிரம் தடவை வரைந்த கை இது. அதைத்தான் அவருக்குச் சொன்னேன், கொஞ்சம் உரத்த குரலில். அவர் தலையாட்டினார்.

ஆறு வாரத்தில் அதுவும் செத்தது. அவருடைய கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. என்ன செய்தேன்? ஐந்து வாரங்களுக்கு முன், ஞாயிறு பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில், பழுதான சாமானைத் தலையில் கட்டும் வியாபாரிகளைப் பற்றி எழுதினேன்.

பெயர் எழுதவில்லை. நான் நாகரிகமானவன் அல்லவா! 'காத்தான்குடிப் பக்கம் ஒரு பற்றரிக் கடை, வாசலில் ஒரு கிளிக்கூடு' என்று மட்டும் எழுதினேன். கிளிக்கூடு எதற்கு? வர்ணனைக்கு. வாசலில் கிளிக்கூடு தொங்கும் பற்றரிக் கடை இந்தப் பிரதேசத்தில் எத்தனை இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. ஒன்றுதான்.

அந்த வாரம் வந்த அளவுக்குத் தொலைபேசி அழைப்புகள் எனக்கு முன்பு எந்த வாரமும் வந்ததில்லை. "நல்லாக் குடுத்தீங்க சேர்." "அவங்கட ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் சேர்." நான் ஒரு கடையைப் பற்றித்தான் எழுதினேன், வாசகர்கள் ஒரு முஸ்லிம் ஊரையே வாசித்தார்கள். இல்லை, நான் சொன்னது அதுவல்ல என்று ஒருவருக்காவது மறுத்தேனா? இல்லை. "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது பற்றரியை நகரத்தில் வேறொரு கடையில் வாங்கினேன். அதுதான் செவ்வாய்க்கிழமை செத்தது.

அன்று முற்றத்தில் நின்று யோசித்தேன். ஒரு வகுப்பில் மூன்று பிள்ளைகள், மூன்று வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள், ஒரே பாடத்தில் பெயில் என்றால் அதிபர் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்?

யோசனை முடிவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதே கடைக்காரர். பின்னால் கறுப்புப் பெட்டி ஒன்று கட்டியிருந்தது. ஓட்டோவுக்குள் இருந்தபடியே என் மனைவி அவருக்குப் போன் பண்ணியிருக்கிறாள். என் பத்தி வந்த பிறகும் அவருடைய இலக்கத்தை அவள் அழிக்கவில்லை.

நான் அவரை வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் நேரே போய்ப் பின் இருக்கையைக் கிளப்பி, பெட்டியின் வயர்களைப் பற்றரியில் கொழுவினார். கார் விழித்துக்கொண்டது. மீற்றரைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "என்ட மகள்ர சைக்கிள் இதவிடக் கூட ஓடியிரிக்கும் சேர். இதுக்குப் பற்றரி வேணாம். ஒரு தலகாணியும் போர்வையும் வாங்கிக் குடுங்க, நல்லா நித்திர கொள்ளும்."

நான் சிரிக்கவில்லை. அவர் காரை நிறுத்திவிட்டு, "இப்ப நீங்க காலையில செய்ற மாதிரிச் செஞ்சி காட்டுங்க" என்றார்.

செய்து காட்டினேன். காலையில் எழும்பியதும் எனக்கு முழங்கால் மடிக்க ஏலாது, ஏறி இறங்குவது சிரமம். ஆகவே கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே பாதி உடம்பை உள்ளே நீட்டி, பட்டனை இரண்டு தடவை அழுத்துவேன். திரை எரியும். காற்றாடி ஊதும். வானொலி செய்தி வாசிக்கும். எஞ்சின் சத்தம் வராது. ஹைபிரிட் என்றால் சத்தமில்லாத கார்தானே? அதுதானே அதன் பெருமை? அப்படியே விட்டுவிட்டுப் பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றப் போவேன். செய்தி முடிந்து, மரண அறிவித்தல்களும் முடிந்த பிறகு வந்து நிறுத்துவேன்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு திரையைக் காட்டினார்.

"இதில 'ரெடி' எண்டு ஒரு லைட் வரணும். வந்திரிக்கா சேர்?"

வரவில்லை.

"பிரேக்க மிதிச்சிக்கிட்டு அமத்தினாத்தான் வரும். அது வந்தாத்தான் கார் ஸ்டார்ட். பெரிய பற்றரி சின்னதுக்குக் குடுக்கிறது அப்பதான். நீங்க செய்றதில ரேடியோ, காத்து, லைட் எல்லாம் சின்னதத்தான் திண்டிரிக்கு."

"அப்ப நான் ஒவ்வொரு நாளும்..."

"ஏத்தல்ல சேர். இறக்கியிரிக்கீங்க. ஒரு நாள் தவறாம."

ஓட்டும்போது ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் பிரேக்கை மிதித்துத்தான் ஸ்டார்ட் பண்ணுவேன். காலையில் மட்டும்தான் வெளியே நின்று. ஆகவே எனக்குத் தெரியவே இல்லை. முப்பத்தொரு வருடம் கலம் எப்படி இறங்குகிறது என்று படிப்பித்தவன், முற்றத்தில் ஒவ்வொரு காலையும் செய்முறைப் பரிசோதனை நடத்தியிருக்கிறேன். காய்ச்சல் கிடந்த அன்றுகூட!

அந்த நேரத்தில் என் மனைவி திரும்பி வந்தாள். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் எதுவும் தெளிவாகத் தெரியவில்லையாம். என் முகம் மட்டும் தெரிகிறதாம்.

அவருக்குத் தேநீர் கொடுத்தோம். அப்போதுதான் மற்றதைக் கேட்டேன் - கடை எப்படிப் போகிறது? அவர் சுற்றிவளைக்கவில்லை. பத்து வருடமாக அவரிடம் வந்த ஒருவர் தன் இரண்டு வான்களையும் வேறு கடைக்குக் கொண்டுபோய்விட்டார். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று முதலில் கிளியைப் பார்க்கிறார்கள், பிறகு அவரைப் பார்க்கிறார்கள், பிறகு 'மறுகா வாறம்' என்று போய்விடுகிறார்கள். இருபது வருடம் எடுத்துச் சேர்த்த பெயர், ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போயிற்று.

மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பத்தியில் திருத்தி எழுதுவதாகச் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "வேணாம் சேர். முதல் எழுதினதில என்ட பேர் இல்ல. ஆனா எல்லாரும் கண்டுபுடிச்சாங்க. இப்ப மன்னிப்பையும் பேர் இல்லாம எழுதுவீங்க. இந்த முறை ஒருத்தரும் கண்டுபுடிக்க மாட்டாங்க."

எவ்வளவு சரி! குற்றம் என்றால் அரைச் சொல்லில் ஆளைப் பிடிக்கிற நாம், நல்லது என்றால் முகவரி கேட்போம்.

ஆகவே எழுதுகிறேன். அவர் பெயர் ஹனீபா. அவர் எனக்குத் தந்த இரண்டு பற்றரிகளும் நல்லவை. இரண்டையும் சாகடித்தது நான். மூன்றாவதையும்தான். அதை விற்ற கடைக்காரரைப் பற்றி நான் எழுதவில்லை, அதனால்தான் அவருக்கு இன்னும் என்மேல் கோபமில்லை.

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் காத்தான்குடிக்குப் போனேன், காரில்தான். ஹனீபா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்தார். மரண அறிவித்தல் வருகிற இடத்தில் சிரித்தார். வாசித்து முடித்துத் தாளைத் திருப்பித் தந்தார்.

"ஒண்டு விட்டிட்டீங்க சேர்."

எது என்று கேட்டேன்.

"ரெண்டாவது பற்றரி போன அண்டைக்கு இஞ்ச வந்து ஒரு கதை சொன்னீங்க. வாப்பாவும் இருந்தாரு."

ஞாபகமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஞாபகம் வந்துவிட்டது. "உங்கட ஆக்கள்ர யாவாரமே இதுதானே" என்று சொன்னேன். நாலைந்து வாடிக்கையாளர்களுக்கு முன்னால், அவருடைய தந்தைக்கு முன்னால். ஒரு கடையை ஊராக்கியது வாசகர்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது பொய். ஆக்கியது நான். அவர்கள் என் பின்னால்தான் வந்தார்கள்.

கடையிலேயே, அவருடைய பேனாவை வாங்கி, அதை எழுதிச் சேர்த்தேன். ஹனீபா மறுபடி வாசித்தார். பிறகு உள்ளே கதிரையில் இருந்த தன் வாப்பாவுக்கு முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டினார். நான் வாசலில் நின்றேன்.

"இப்ப சரி சேர். போடுங்க" என்றார் ஹனீபா.

அவருடைய வாப்பா, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு" என்றார்.

மகனிடம்தான் சொன்னார், என் பக்கம் பார்க்கவில்லை. அதுவும் நியாயம்தான்.