சோஹாருக்குப் போன வாத்து மசாலா

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு துபாயில் பஸ் ஏறினேன். டிக்கெட் அறுபது திர்ஹம். மடியில் ஒரு பழைய காப்பி பாட்டில் நிறைய மசாலா. மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், தேங்காய் எல்லாம் வறுத்துப் பொடித்தது. எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் வாத்துக்குப் போடுவது. ஓமானில் இருக்கும் சோஹார் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எதற்கு இவ்வளவு தூரம் என்றால், ஒரு வாத்து சமைக்க. சிரிக்காதீர்கள்.

நிர்மலா யாழ்ப்பாணத்துப் பெண். நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தவள். மூன்று வருடம் நாங்கள் ஒரே ரூம். கல்யாணமாகி சோஹார் போனாள். இப்போது நான்காம் மாதம். எதைத் தின்றாலும் வாந்தி, ஆறு கிலோ குறைந்துவிட்டாள். போன வருடம் ஒரு பிள்ளை தங்காமல் போயிற்று. அதனால் எல்லோருக்கும் பயம். அவள் ஒருநாள் அரைத்தூக்கத்தில், காட்டு வாத்து என்றால் தின்பேன், அதுவும் ஸ்டெல்லாக்கா, அதாவது என், கைக்குழம்பாக இருந்தால், என்று சொல்லியிருக்கிறாள். அவள் கணவன் ஜெயசீலன் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். விடுவானா? கஜகஸ்தானுக்கு வேட்டைக்குப் போய்வந்த ஓமானி மேலாளரிடம் கெஞ்சி, அவர் உறையவைத்துக் கொண்டுவந்ததில் ஒன்றை வாங்கிவிட்டான்.

ஒன்பது மணிக்கு எல்லையோர ஹத்தா. மலைகள் பாதிக்குமேல் பனிமூட்டத்தில் காணாமல் போயிருந்தன. பஸ் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. நான் தூங்குகிறேனா என்பதும்தான். எல்லையில் பதான் டிரைவர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். கண்ணை மூடி, "அச்சா!" என்றார். அப்புறம்தான் "யல்லா சிஸ்டர், பாஸ்போர்ட்."

பன்னிரண்டுக்கு வீடு. நிர்மலா உள்ளே படுத்திருந்தாள். கையைப் பிடித்தேன், வளையல் முழங்கை வரை ஏறியது.

"இண்டைக்கும் ஒண்டும் சாப்பிடேல்லை அக்கா. வாத்தாவது வயித்தில நிக்குமோ?" என்றான் ஜெயசீலன்.

வாத்து என்றால் நம் ஊர் வாத்து இல்லை. நீளக் கழுத்து, கறுஞ்சிவப்பு இறைச்சி, கையில் எடுத்தால் நல்ல கனம். கழுவும்போது நெஞ்சுச் சதையில் என்னமோ உருண்டது. நரம்பு தேடிப் பழகிய விரல், பொய் சொல்லாது. கீறி எடுத்தேன். கடுகளவு குண்டு. அப்புறம் இன்னொன்று. ஐந்து எடுத்தேன்.

"இது அவளுக்கு வேண்டாம் மக்கா. துப்பாக்கியில சுட்ட பறவை. குண்டை எடுத்தாலும் ஈயம் இறைச்சியில நிக்கும். வயித்துல பிள்ளை இருக்கப்பட்டவளுக்கு ஆகாது."

அவன் குழாயைத் திறந்தான், மூடினான். "அப்ப இதையும் குடுக்கேலாதோ?"

எறியவும் மனசு வரவில்லை. "நமக்கு வைப்போம். அவளுக்கு வேற பாக்கலாம்" என்றேன்.

வினிகரில் ஊறவைத்து, சின்ன உள்ளி, அதுதான் சின்ன வெங்காயம், நிறைய வதக்கி, மசாலா போட்டு, குக்கரில் ஏற்றினேன். பத்து விசில் வந்தும் கல்லாகவே இருந்தது. மூடியைப் போட்டுச் சிறு தீயில் விட்டேன். மூன்று மணிவாக்கில் வீடு முழுக்க மிளகும் தேங்காயும் மிதந்தன. ஜன்னலுக்கு வெளியே வெயில்கூட மங்கி, மஞ்சளாக நின்றது.

திரும்பினால் வாசற்படியில் நிர்மலா. வாயைப் பொத்தவில்லை.

"நல்ல வாசம் அக்கா. பசிக்குது."

குண்டு சங்கதியை மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் வாடியது. சட்டென்று வேறு சட்டியில் அதே மசாலாவைக் கொதிக்கவிட்டு, இரண்டு கோழிமுட்டையை உடைத்து ஊற்றினேன். அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து, சோற்றில் பிசைந்து, வழித்துத் தின்றாள். நானும் ஜெயசீலனும் வாத்தைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தோம். பத்து நிமிடம். இருபது. முப்பது.

"என்ன, ரெண்டு பேரும் மணிக்கூட்டைப் பாக்கிறியள்? இன்னொரு முட்டை போடுங்கோ."

ஜெயசீலன் எழுந்து முகம் கழுவப் போனான். வெகுநேரம் கழுவினான்.

மறுநாள் காலை பஸ்ஸில் என் மடி காலி. பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டேன். முட்டை சோஹாரிலும் கிடைக்கும்.