புதுநன்மை உடுப்பு தீர்ந்துவிட்டதா?

இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டுமென்றால், நடுவில் நின்று இரு தரப்பிடமும் ஏச்சு வாங்க ஒரு மனிதன் வேண்டும். கோவில்பட்டியில் அந்த மனிதனாகத்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன். பங்காளிகளுக்கு நடுவே சமாதானம் பேசப் போனவர்கள், சம்பந்தி வீடுகளுக்குள் சேதி கொண்டு போனவர்கள் எல்லாரும் என் இனம். அந்தப் பாடு பட்டவர்களுக்கு இதில் எதையும் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

புதியம்புத்தூரில் ரெஜினாக்கா என்று ஒருவர் தையல் கூடம் வைத்திருக்கிறார். கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளைப் புதுநன்மை என்பார்கள். மூன்றாவதோ நான்காவதோ படிக்கும்போது, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வரும் நாள். அன்றைக்குப் போடும் வெள்ளை உடுப்பைத் தைப்பதுதான் அந்தக் கூடத்தின் தொழில். முன்பெல்லாம் மொத்த வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். இப்போது அவர்கள் வரவில்லை. பொங்கலுக்குள் ஆர்டர் வந்து சேராவிட்டால் தையல்காரப் பெண்கள் திருப்பூருக்குப் போய்விடுவார்கள். ஏஜென்ட் ஒருவர் விடுதி, சாப்பாடு எல்லாம் பேசிவிட்டுக் காத்திருந்தார். அவர்கள் போய்விட்டால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

முன்பு சில்லறையாக உடுப்பு வாங்கிய குடும்பங்களுக்கெல்லாம் நேரடியாக மின்னஞ்சல் போட்டுப் பார்ப்போம் என்பது அக்காவின் யோசனை. மொத்தமாக மெயில் அனுப்பித் தர ஒரு சேவை இருக்கிறது. ஆனால் வாங்கியவர்களின் விவரமோ இணையக் கடையில் கொஞ்சம், கூடத்துக் கணினியில் கொஞ்சம், அக்காவின் செல்போனில் மிச்சம் என்று சிதறிக் கிடந்தது. மூன்றையும் திரட்டி, அலசி, மெயில் சேவைக்குள் கொண்டு விட நடுவே இன்னொரு தளம் வேண்டும். அதற்குத் 'தரவு ஒருங்கிணைப்புத் தளம்' என்பதே சரியான பெயர் என்பது என் கட்சி. 'குழாய்' என்றால் போதும் என்பது என்னோடு வேலை பார்க்கும் முத்துச்செல்வியின் கட்சி. அவள் கட்சிதான் ஜெயித்தது.

சாவி

குழாயை மெயில் சேவையோடு இணைக்க அந்தச் சேவை ஒரு சாவி தரும். இரும்புச் சாவி இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த, ஒரே மூச்சில் வாசிக்க முடியாத நீளத்தில் ஒரு சரம். திரையில் ஒரே ஒரு தடவைதான் தெரியும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் காட்டாதீர்கள் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை மிகச் சரியாக நிறைவேற்றினார். அவர்கள் ஊர்க் கோயில் உண்டியலுக்கு இரண்டு சாவி. ஒன்று சாமியார் என்று அவர்கள் சொல்லும் பாதிரியாரிடம், ஒன்று பங்குப் பேரவைத் தலைவரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். சாவி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அக்கா முன்பாதியைத் தான் எழுதிக்கொண்டு, பின்பாதியைக் கணவர் அருளப்பனிடம் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒருவர் எழுதும்போது மற்றவர் வாசலில் நின்றிருக்கிறார்.

முன்பாதி ஒட்டப்பிடாரம் வழியாகப் பஸ் ஏறி, அக்காவின் கைப்பையில், எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பின்பாதி புதூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் இருந்தது. அருளப்பனுக்கு மைக்செட், சீரியல் லைட் தொழில். போன் போட்டோம். பின்னால் "மைக் டெஸ்டிங்" என்று இரைச்சல் கேட்க, அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, முத்துச்செல்வி தட்டிக்கொண்டே வந்தாள். திடீரென்று நிறுத்தினார். லைன் போய்விட்டதோ என்று நினைத்தோம். போகவில்லை.

"கடைசி எழுத்து ஒன்னு இருக்கு தம்பி. அவ பாதியச் சொல்லி முடிச்சாச்சான்னு அவ வாயால சொல்லச் சொல்லுங்க, பொறவு சொல்லுதேன்."

பேர் சொல்லிக் கூப்பிடலாமா?

சாவி திறந்தது. அனுப்பப்போகும் மெயிலின் மாதிரி ஒன்றைத் திரையில் காட்டினேன். மெயில் சேவைகளுக்கு எல்லோரும் தோளில் கைபோட்ட சிநேகிதர்கள். "ஹலோ சூசையம்மாள்!" என்று தொடங்கியிருந்தது.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "யாரு இது, சூசையம்மா பெரியம்மாவப் பேரு சொல்லிக் கூப்பிடுதது?"

மெஷின்தான் என்றேன்.

"மெஷினுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லையா? நீங்க எதுக்கு இருக்கீய?"

நியாயமான கேள்வி. உலகம் முழுவதும் விற்கிற அந்தக் குழாயில் முதற்பெயர், கடைசிப் பெயர், நகரம், நாடு எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பெரியம்மாவுக்கு இடம் இல்லை. முத்துச்செல்வி 'முறை' என்று புதிதாக ஒரு கட்டம் உண்டாக்கினாள். அக்கா உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் சித்தி, மதினி, மாமா, அண்ணாச்சி என்று நிரப்பினார். மும்பை, பெங்களூர், துபாய் என்று முகமே பார்த்திராதவர்கள் பாதிப் பேர் மிஞ்சினார்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் மெஷின் பழையபடி பேர் சொல்லிக் கூப்பிடும் என்று எச்சரித்தேன். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பொம்பளைன்னா அக்கா, ஆம்பளைன்னா அண்ணாச்சி. பிடிக்கலைன்னா அவிய முறைய அவியளே சொல்லட்டும்."

ஜெபா

அடுத்து உடுப்பின் அளவு. பழைய ஆர்டர்களில் அளவு என்ற இடத்தில் எண்ணைத் தேடினால் 'ஜெபா' என்று இருந்தது. சிலவற்றில் 'ஸ்டெல்லா'. சிலவற்றில் 'ஜெபா, கை மட்டும் ஸ்டெல்லா'. குழாய் இவற்றையெல்லாம் பிழை என்று சிவப்பில் துப்பியது. நேரில் விசாரிக்கப் புதியம்புத்தூர் போனேன்.

கூடத்தில் தலைமைத் தையல்காரி செல்வராணி. அவளுக்குப் பின்னால், சுவரோரம், புத்தம்புதிய பயணப்பை ஒன்று இருந்தது. திருப்பூருக்கு வாங்கியது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஜெபா அவளுடைய மகள். ஸ்டெல்லா பக்கத்து மெஷின்காரியின் மகள். போனில் ஆர்டர் கொடுக்கும் தாய்மாருக்கு இஞ்சுக் கணக்கு வராது. பிள்ளை போட்டோவை அனுப்புவார்கள். இவள் பார்த்து, ஜெபா பருமனா, ஸ்டெல்லா உயரமா என்று முடிவு செய்து வெட்டுவாள். ஒன்றுகூடத் தப்பியதில்லை. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஒவ்வோர் ஆண்டும் வளரும் ஒரு பெண்பிள்ளையை அளவுகோலாக வைத்தால், கோலே நீண்டுகொண்டு போகாதா? இதை நாலு விதமாக, உதாரணங்களோடு எடுத்துரைத்தேன். செல்வராணி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அதுக்குத்தான அண்ணாச்சி வருசம் போட்டிருக்கு? போன வருச ஜெபா, இந்த வருச ஜெபான்னு. உங்க கம்ப்யூட்டர் பிள்ள குட்டி பெத்ததில்லபோல."

விலகியவர்

முழுப் பட்டியலுக்கும் அனுப்புமுன் ஒரு சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம். எல்லா மெயிலுக்கும் அடியில் 'விலக' என்று ஒரு பொத்தான் இருக்கும். சட்டப்படி இருக்க வேண்டும். புதூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அந்தோணி அண்ணாச்சி அதை அமுக்கிவிட்டார். உலகத்தில் தினமும் கோடானுகோடிப் பேர் செய்கிற காரியம். அக்காவுக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. "அவியளுக்கு நம்ம மேல என்ன வருத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாமே அவரை மறுபடி சேர்க்க முடியாது, அவராக அமுக்கினால்தான் உண்டு என்று நான் சொன்னதும், மனஸ்தாபம்தான் என்று உறுதி செய்துகொண்டார்.

மறுநாள் அருளப்பனின் மைக்செட் வேனில் அக்கா, அவர், நான் மூவரும் புறப்பட்டோம். அக்கா மடியில் ஒரு பெட்டி மக்ரூன், தூத்துக்குடி முந்திரி இனிப்பு. முந்தின நாள் மழை. கடைக்குச் சற்று முன்னால் வேன் கரிசலில் இறங்கி நின்றுவிட, மிச்சத் தூரம் நடந்தோம். செருப்பில் ஒட்டிய மண் அடிக்கொரு அங்குலம் ஏறி, நான் போய்ச் சேர்ந்தபோது அருளப்பனைவிட உயரமாக இருந்தேன். அந்தோணி அண்ணாச்சி பதறிப்போய் நாற்காலி போட்டார். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். வருத்தம் ஒன்றுமே இல்லையாம். அடியில் ஒரு பொத்தான் கிடந்ததாம், அமுக்கிப் பார்த்தாராம். அக்கா கண் முன்னாலேயே மறுபடி சேர்ந்துகொண்டார். பிறகு மக்ரூன் பெட்டியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டார்.

"நீங்க வருவீயன்னு தெரிஞ்சிருந்தா முந்தியே அமுக்கியிருப்பேனே."

எல்லா ஸ்விட்சும்

இனி விஷயம் தீவிரமாகிறது. மார்கழி பாதி போய்விட்டது. செல்வராணியின் பை சுவரோரத்திலிருந்து வாசலருகே வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அக்கா தன் கையால் எழுதிய அழகான கடிதம் எல்லோருக்கும் போவதாக ஏற்பாடு. பழைய ஆர்டர்கள் முழுவதையும் ஞாயிறன்று குழாய் வழியாக மெயில் சேவைக்குள் விட்டோம். ஜெபாவும் ஸ்டெல்லாவும் அளவுதான் என்று குழாய்க்குச் சொல்லிக்கொடுத்திருந்ததால் சிவப்பு ஒன்றுகூட இல்லை. நானும் முத்துச்செல்வியும் ஆளுக்கொரு கடலைமிட்டாய் தின்று கொண்டாடினோம்.

மெயில் சேவையின் பக்கத்தில் சில தானியங்கி வசதிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். நாங்கள் எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தோம். ஞாயிறு பூசை முடிந்து வந்த அருளப்பன், கூடத்துக் கணினித் திரையில் அந்த ஸ்விட்சுகளைப் பார்த்திருக்கிறார். ஆயுள் முழுக்கக் கோயில் கோபுரங்களுக்கு லைட் கட்டிய கை. வரிசையில் எது அணைந்து கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. ஒன்று விடாமல் போட்டுவிட்டார். அதில் ஒன்று, சோப்பும் எண்ணெயும் விற்கிறவர்களுக்காக யாரோ எழுதி, மெஷின் தமிழாக்கிய நினைவூட்டல். பொருள் வாங்கி ஆறு மாதம் ஆனவர்களுக்குப் போகும். எங்கள் பட்டியலில் எல்லோருமே வாங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆனவர்கள்.

"அன்பு அக்கா! நீங்கள் வாங்கிய புதுநன்மை உடுப்பு (ஜெபா) இந்நேரம் தீர்ந்துபோயிருக்குமே! மீண்டும் வாங்கும் காலம் வந்துவிட்டது!"

வாழ்நாளில் ஒரே ஒரு நாள் போடும் உடுப்பு. மும்பை முதல் துபாய் வரை, ஒரு குடும்பம் பாக்கியில்லாமல் போய்விட்டது. போன மெயிலைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. உடுப்பு கிழியும், சிறிதாகும், ஆனால் தீராது என்று மெயில் சேவைக்கு ஒரு நீண்ட கண்டனம் எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இனி எந்தத் தாய் நம்மை மதித்து ஆர்டர் கொடுப்பாள், இந்தப் பெண்களுக்கு நான் என்ன சொல்வேன் என்று அழுதார். செல்வராணி மெஷினுக்கு உறை போட்டாள். அருளப்பன் மட்டும் திரையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா லைட்டும் எரியுதுல்லா? அப்ப கரெண்டு நல்லாத்தான் வருது."

வந்த பதில்கள்

திங்கட்கிழமை காலை பத்து மணி ஆவதற்குள் முத்துச்செல்வி கூடத்திலிருந்து போன் போட்டாள். "அண்ணாச்சி, பதில் வருது. நிக்காம வருது. நீங்க கெளம்பி வாங்க." விலகியவர்கள் எத்தனை என்று கேட்டேன். "ஏன், மக்ரூன் வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

தாராவியிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார்: 'எங்க பெரியவளுக்கு இன்னொரு தடவை புதுநன்மை குடுக்க எங்க சாமியார் சம்மதிக்கலை. ஆனா சின்னவ இந்த வருசம் வாங்குதா. ஜெபாவை விடக் கொஞ்சம் ஒல்லி.' பெங்களூர்க்காரர் ஒருவர், சிரித்துச் சிரித்து அதைத் தங்கள் பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் முழுவதற்கும் அனுப்பிவிட்டதாகவும், அங்கே ஏழெட்டு வீட்டில் பிள்ளைகள் தயாராக இருப்பதாகவும் எழுதியிருந்தார். துபாயிலிருந்து ஒருவர் கோபித்திருந்தார், உடுப்புக்காக அல்ல. 'நான் அக்கா இல்லை. உன் அம்மா வழியில் எனக்கு நீ மகள் முறை. சித்தி என்று திருத்தவும். பேத்திக்கு ஒன்று வேண்டும், படம் இணைத்துள்ளேன்.' அக்காவின் அழகான கடிதத்தை அனுப்பத் தேவையே வரவில்லை. நாள் முழுக்கப் படங்கள் வந்தன. முன்பல் விழுந்த பிள்ளைகள், இரட்டைச் சடைப் பிள்ளைகள். செல்வராணி உறையை உருவி எறிந்துவிட்டு, "இந்த வருச ஜெபா, இது ஸ்டெல்லா, ஏட்டி இதப் பாரு, அப்படியே போன வருச ஜெபா" என்று கூவிக்கொண்டே இருந்தாள்.

பொங்கலுக்கு மறுவாரம் நான் போனபோது பயணப்பை மேசைமேல் இருந்தது. அதற்குள் வெள்ளை லேஸ் உருளைகள். வேறு பை போதவில்லையாம். திருப்பூர் ஏஜென்டுக்கு என்ன சொன்னாய் என்று செல்வராணியிடம் கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"இன்னும் சொல்லல அண்ணாச்சி. அந்த 'விலக' பொத்தான எனக்கு ஒன்னு செஞ்சு குடுங்க, இங்கன இருந்தே அமுக்கிருதேன்."

இரண்டு கணினிகளைப் பேச வைக்கப் போன எனக்குக் கிடைத்தது என்னவென்றால், அவை இன்றைக்கும் சிவப்பில் துப்பிக்கொண்டுதான் பேசுகின்றன, தாராவி முதல் துபாய் வரையுள்ள சித்திமார்கள் மட்டும் மெஷினில் என்ன திருத்த வேண்டும் என்று என்னிடம் நேரடியாகப் பேசுகிறார்கள்.