இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் இருந்த என் அக்காவின் கணவருக்கு இதய வால்வு பழுதாகிவிட்டது. கோவை டாக்டரிடம் பேசியது நான் மட்டும்தான். "ஆபரேஷன் செய்யாவிட்டால் சில மாதம்தான். செய்தால் பிழைக்கலாம், டேபிளிலேயே போனாலும் போகலாம். வீட்டில் சொல்லிவிடுங்கள்" என்றார். அக்காவிடம் நான், "ஒரு பயமும் இல்லையாம்" என்றேன்.

"மாரியாத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செஞ்சுக்கலாம் கண்ணு" என்றாள் அக்கா. எங்கள் பக்கம் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சே கிடையாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரைப் பூவா தலையா போட்டுப் பார்ப்பதா? கடவுள், அறிவியல், தத்துவம் என்று ஆள் கிடைத்தால் மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். எவ்வளவோ வாதாடியும் அக்கா அசையவில்லை. சரி, பொட்டலத்தை நானே கட்டுகிறேன் என்று வாங்கி, இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டிவிட்டேன். அக்கா கும்பிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்துப் பார்த்ததும் அழுதுவிட்டாள். மற்றதை யாரும் பிரிக்கும் முன் நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாமா பிழைத்துக்கொண்டார். அவரை வார்டுக்கு மாற்றிய அன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவிடம் பொட்டலக் கதையைச் சொன்னேன். "பாத்தியாக்கா, பொழைக்க வெச்சது டாக்டர், உங்க ஆத்தா இல்ல" என்று பெருமை வேறு.

"அப்ப டாக்டர் சொன்னாருன்னு நீ சொன்னது?" என்றாள் அக்கா.

அதற்கு மேல் பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"ஆத்தாள ஏமாத்துனது கெடக்குட்டும், அவ பொறுத்துக்குவா. டாக்டர் சொன்னதை ஏங்கண்ணு மாத்திச் சொன்னே? அவருக்கு ஒண்ணு ஆயிருந்தா? ஆஸ்டல்ல இருக்கற என்ற புள்ளையக் கூப்புட்டு, அப்பன் மொகத்த ஒருக்கா காட்டியிருப்பேனே" என்றாள். குரல் உயரவே இல்லை. எழுந்து வார்டுக்குள் போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆய்வகத்தில் வந்த அளவை விட்டுவிட்டு, வர வேண்டிய அளவை எழுதும் மாணவனை நான் விட்டுவைத்ததே இல்லை. அந்த வேலையைத்தான் கோயிலில் ஒரு முறை, டாக்டர் சொன்னதில் ஒரு முறை நானே செய்திருந்தேன். சிவப்பும் வரலாம் என்று தெரிந்தே கை நீட்டியவள் அக்கா. எந்தப் பதிலும் நான் நினைத்தபடியே இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டவன் நான். எங்கள் இருவரில் உண்மைக்குப் பயப்படாதவர் யார் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை.