புளி போட்டுத் தேய்த்த காசு

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் நாணயக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்கள் தவுக்கே எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தவுக்கே என்றால் சீன முதலாளி. தமிழர் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசித் தமிழ் பழகியவர்.

"ஸ்டெல்லா, காசு கறுப்பா இருந்தா கறுப்பாவே இருக்கட்டும். கழுவாத. தேய்க்காத. அது காசோட தோலு லா. தோல உரிச்சா யாரு வாங்குவா?"

பிறகு கடையில் வந்து நின்ற எல்லோரிடமும் நான் அதையே ஓதினேன். அப்படி ஓதியும் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டு நாணயம் சேர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் படிக்கட்டும்.

மிக்ஸ் ட்ரே

முனியாண்டி சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். சம்பளம் வந்த சனிக்கிழமை பத்து வெள்ளியோடு பெர்ரி ஏறித் தீவுக்கு வருவார்; மலேசிய ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்.

"அக்கா, மாசம் பத்து வெள்ளிதான் முடியும். அதுக்கு மேல வீட்டுல தெரிஞ்சா வெளக்கமாறுதான்."

"பத்து வெள்ளி போதும்யா. ஆனா பாக்குறதெல்லாம் வாங்காத. ஒரு பக்கமா பிடிச்சுக்க. நம்ம பக்கத்து நாட்டுக் காசா மட்டும் சேத்துக்க."

அவர் தாய்லாந்து, பர்மா, இந்தோனேசியா என்று பிடித்துக்கொண்டார். எங்களிடம் மிக்ஸ் ட்ரே என்று ஒன்று உண்டு. தரம் பிரிக்காத காசுகளைக் கொட்டி வைத்திருப்போம். எதை எடுத்தாலும் ஒரே மலிவு விலை. கை வலிக்கக் கிளறுவார். காசின் ஓரத்தை மட்டும் பிடிப்பார். மலிவான பிளாஸ்டிக் உறையில் போட்டால் பச்சை பிடிக்கும் என்று சொன்னேன். அன்றிலிருந்து அட்டை ஹோல்டர்தான். இப்படி ஒரு பிள்ளை எனக்கு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பேன். என் பிள்ளைகள் சொன்ன பேச்சு கேட்டதே இல்லை.

ஒரு நாள் ட்ரேயிலிருந்து பழைய சயாம் செம்புக் காசு ஒன்றை எடுத்து நீட்டினார். பழுப்பு நிறம் கொஞ்சமும் கெடவில்லை. தவுக்கே லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அரிதான வருஷத்துக் காசு. எங்கள் கண்ணுக்குத் தப்பி ட்ரேயில் விழுந்திருக்கிறது.

"சரி, ஒன் அதிர்ஷ்டம். பத்திரமா வெச்சிரு. விக்கணும்னா எங்கிட்டயே வா, நல்ல வெல தரேன்."

அவர் சொன்ன விலையைக் கேட்டு முனியாண்டி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குத் தாதிப் பயிற்சிக் கல்லூரியில் கட்ட வேண்டிய முன்பணம் அந்த ஒரு காசிலேயே இருந்தது. வீட்டில் மகளிடம் மட்டும் சொல்லி வைத்தார். மனைவி பார்வதியிடம் மூச்சு விடவில்லை. மாதாமாதம் பத்து வெள்ளி போனது தெரிந்துவிடுமே!

தள்ளுவண்டி

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சமயத்தில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே பார்வதி அவரைத் தள்ளுவண்டி நாற்காலியில் உட்கார வைத்து, லிஃப்டில் ஏற்றி, கடைக்குக் கொண்டுவந்தாள். காசைப் பற்றி மகள் சொல்லியிருக்கிறாள்.

"நீங்கதான் ஸ்டெல்லா அக்காவா? இவரு காசெல்லாம் கொண்டாந்திருக்கேன். ஒரே கறுப்பு, பச்ச! விக்கப் போற சாமான இப்படியா கொண்டு போறதுன்னு, புளியும் உப்பும் போட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேச்சி எடுத்துட்டேன்."

பையைக் கவிழ்த்தாள். அத்தனையும் தகதகவென்று மின்னின. சயாம் காசு உரித்த கோழி போல இளஞ்சிவப்பாக இருந்தது. அடிப் பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

தவுக்கே ஒரு முறைதான் பார்த்தார். "ஹாபிஸ் லா," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

பார்வதி வண்டிக்குப் பின்னால் நின்றதால் புருஷன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. முனியாண்டி அந்தக் காசையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மடியில் கிடந்த இடது கையை லேசாக, அவளிடம் சொல்ல வேண்டாம் என்று ஆட்டினார். கண்ணில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப இதுக்கு வெல இல்லம்மா. மார்க்கெட் விழுந்துருச்சி. எல்லாஞ் சேத்து நாப்பது வெள்ளி தரலாம்," என்றேன்.

"நாப்பதா? எம் மக படிப்புக்குன்னு வந்திருக்கேன்! வாய் பேச முடியாத மனுஷன்னு ஏமாத்துறீங்களா? நல்லா இருப்பீங்களா நீங்க?"

மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யார் ஒரு வார்த்தை சொன்னாலும் பத்தாகத் திருப்பிக் கொடுப்பவள் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. அவள் காசுகளை அள்ளிக்கொண்டு, என்னைச் சபித்தபடியே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மறுபடியும்

முனியாண்டி அந்த வருஷமே இறந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்துப் பார்வதி தனியாக வந்தாள். கவுண்டர் முன்னால் நின்றாள், உட்காரவில்லை.

"பட்டர்வொர்த்துல ஒரு கடையில காட்டினேன்கா. தேச்சதாலதான் போச்சுன்னு சொல்லிட்டான்."

ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அன்னிக்கு அவருக்குத் தெரியுமாக்கா? நாந்தான் கெடுத்தேன்னு தெரிஞ்சா போனாரு?"

"தெரியாதும்மா. அவருக்கு எங்க தெரியப் போவுது? நீ பளபளன்னு தேச்சி வெச்சத பாத்து சந்தோஷப்பட்டாரு லா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காசு விஷயத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது; மார்க்கெட் விழுந்தது என்றது முதலாவது. இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மகள் கல்லூரிக்குப் போகவில்லை. அப்பா வேலை செய்த அதே தொழிற்சாலையில் இப்போது ஷிஃப்ட் பார்க்கிறாள்.

ஆகவே பிள்ளைகளே, சேர்க்கத் தொடங்குவதற்குப் பத்து வெள்ளி போதும். ஆனால் லென்ஸ், ஆல்பம் எல்லாவற்றுக்கும் முன்னால், வாங்கிய காசை வீட்டில் இருப்பவர்களிடம் காட்டுங்கள். இதைக் கழுவக் கூடாது, ஏன் கழுவக் கூடாது என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். திட்டு விழும். விழட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். முனியாண்டி அந்தத் திட்டுக்குத்தான் பயந்தார்.