காப்பாரில் நாலாக உடைந்த டிவி

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியாவின் கிள்ளான் நகரில், லிட்டில் இந்தியா பக்கம் ஓர் எலக்ட்ரிக்கல் கடையில் சேல்ஸ் பார்த்தேன். டிவி, ரேடியோ, மிக்ஸி எல்லாம் முதலாளி பழனியப்பன் பார்த்துக்கொள்வார். கேம் செட்டும் கேம் கேசட்டும் அடுக்கிய கண்ணாடி அலமாரி என் ராஜ்ஜியம். ஆனால் எந்தச் சரக்கை எடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் எனக்கு இல்லை. கெஞ்சிக் கூத்தாடி, ஒரு தீபாவளிக்கு அந்த உரிமையை வாங்கினேன்.

சப்ளையர் இரண்டு துப்பாக்கி கேம்களைக் காட்டினார். ஒன்று தனியாக ஆடுவது. படம் கண்ணைப் பறித்தது. இன்னொன்றில் படம் சுமார்தான். ஆனால் ஸ்பிளிட் ஸ்கிரீன்: திரை நான்காகப் பிரியும், நாலு பேர் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் துரத்திச் சுடலாம். நான் அதில் ஒரு பெட்டி எடுத்தேன்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பரம்பரை வியாபாரி.

"என்னம்மா அமுதா, ஒரே கேசட்டுல நாலு பேர் ஆடுனா மூணு கேசட் வியாபாரம் போச்சு லா! தனியா ஆடுற கேம்னா ஆளுக்கொண்ணு வாங்குவான்."

"வாங்க மாட்டான் போஸ். ஒருத்தன் வாங்கி ஆடிட்டு அடுத்தவனுக்குக் குடுப்பான்."

"பாக்கலாம். தீபாவளிக்குள்ள போகலைனா பெட்டியத் திருப்பி அனுப்பிடுவேன். அப்புறம் ஸ்டாக் விஷயத்துல நீ வாயே தொறக்கக் கூடாது."

சரி என்றேன். வீம்புதான். பெட்டியோ அசையவில்லை. வந்தவர்கள் எல்லாம் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து வந்த சரோஜா அக்கா புது டிவியும் கேம் செட்டும் வாங்கியபோது, பேசிப் பேசி அவர் தலையில் ஒன்றைக் கட்டினேன். அவ்வளவுதான் விற்பனை.

அந்த வாரமே சரோஜா அக்கா போன் செய்தார். முதலாளிதான் எடுத்தார். அக்கா போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அண்ணே, நீங்க குடுத்த டிவி ரோசாக் ஆயிருச்சு, கெட்டுப் போச்சு! படம் நாலா உடைஞ்சு போய் வருது. பயலுக அட்டையெல்லாம் வெட்டி ஒட்டுப் போட்டு வச்சிருக்கானுங்க. வந்து மாத்திக் குடுங்க!"

முதலாளி முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ விஷயம் புரிந்துவிட்டது. அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் தன் கண்ணால் பார்க்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு அவரோடு கடை வேனில் ஏறினேன்.

காப்பார் வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்பு. உள்ளே அக்காவின் வளர்ந்த பிள்ளைகள், அக்கம்பக்கத்து ஆண்கள், ஒரே கூச்சல். புது டிவியின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக அட்டை நீட்டிக்கொண்டிருந்தது. எதிராளி எந்த மூலையில் ஒளிந்திருக்கிறான் என்று அவன் பங்குத் திரையை எட்டிப் பார்க்காமலிருக்க அவர்கள் கட்டிய தடுப்புச் சுவர் அது. அதைத்தான் அக்கா ஒட்டுப் போட்டதாக நினைத்திருக்கிறார்.

"இது ரிப்பேர் இல்லக்கா, விளையாட்டே இப்படித்தான்" என்றேன்.

"இத ஒரு பயலாவது சொன்னானா? கேட்டா, 'மறைக்காதம்மா'ங்கிறான்!"

பையன்கள் முதலாளியையும் உட்காரவைத்துவிட்டார்கள். பட்டனைத் தேடுவதற்குள் அவரைச் சுட்டுத் தள்ளினார்கள். மறுபடி எழுந்தார், மறுபடி விழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இன்னொரு ரவுண்டு லா" என்றார்.

அப்போது பக்கத்து வீட்டு லோரி டிரைவர் முருகையா என்னிடம் மெதுவாக வந்தார்.

"தங்கச்சி, இந்த கேம் இன்னொண்ணு இருக்கா? செட்டும் வேணும். இவனுங்ககிட்ட சொல்லிடாதீங்க. தெனமும் நான்தான் தோக்குறேன். வீட்ல ரகசியமாப் பழகிட்டு வந்து ஒரு கை பாக்கணும்."

"போஸ்கிட்டயே சொல்லுங்கண்ணே" என்று அனுப்பினேன். அவர் முதலாளி காதில் ஓதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேனில் ஏறும்போது இன்னொருவர் ஓடி வந்து அதே ரகசியத்தைச் சொன்னார்.

பாதி வழியில் முதலாளி தானாகச் சிரித்தார்.

"ஒரு கேசட்டுல மூணு வியாபாரம் போச்சுன்னு கணக்குப் போட்டேன். மூணு பேர் தோத்துப் போவானுங்களே, அத யோசிக்கலையே லா!"

தீபாவளிக்கு முன்பே பெட்டி காலி. தனியாக ஆடும் கேம்கள் விற்காமல் இல்லை, விற்றன. ஆனால் அவற்றை நான் பேசி விற்கவேண்டியிருந்தது. நாலு பேர் ஆடும் கேமையோ, தோற்றவர்களே வந்து கேட்டு வாங்கினார்கள். கடையில் எத்தனை விளம்பரம் ஒட்டினாலும், நண்பன் வீட்டுச் சோபாவில் பட்ட அவமானத்துக்கு ஈடாகாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

பண்டிகை முடிந்து சப்ளையர் போன் செய்தார். முதலாளி, "கேம்னா அமுதாகிட்ட பேசுங்க. அவங்க முடிவுதான்" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுமுனையில் சப்ளையர் புதுச் சரக்கின் படம் எப்படி, சத்தம் எப்படி என்று அளந்துகொண்டே போனார். முழுவதும் கேட்டுவிட்டு நான் ஒன்றே ஒன்று கேட்டேன்:

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே, எத்தனை பேர் ஆடலாம்?"