துப்பாக்கிக்கு வைத்த பூ

போன வருடம் தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சென்னையில் துப்பாக்கி சுடப் பழகும் கூடம் ஒன்றில், ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருத்தி கை நிறைய வளையலோடு போய் நின்றாள். நெற்றியில் விபூதி, கைப்பைக்குள் புத்தம் புதுப் பிஸ்டல். அந்தப் பெண்மணி நான்தான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு அன்று வரவில்லை.

எங்களுக்குத் தி.நகரில் ஒரு சின்ன நகைக்கடை. பெரிய கடைகளின் விளக்கு வெளிச்சம் வந்து முடிகிற சந்துக்குள் இருக்கிறது. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மந்தைவெளியில் உள்ள பட்டறையில் நகை செய்யக் கொடுத்து, முடிந்த சரக்கை நாங்களேதான் எடுத்து வருவோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி வந்துகொண்டிருந்த என் கணவரைப் பைக்கில் வந்த இரண்டு பேர் ஸ்கூட்டரோடு சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். அவர் பையை விடவில்லை. பை தப்பியது, தோள்பட்டை தப்பவில்லை. இன்றைக்கும் அவரால் வலது கையை முழுதாகத் தூக்க முடியாது.

அன்றிலிருந்து சரக்கு எடுத்து வருவது என் வேலையானது. மனுப்போட்டு, விசாரணைக்குப் போய், மருத்துவச் சான்று வாங்கி, நடையாய் நடந்து, ஒரு வழியாக என் பெயரில் உரிமம் கிடைத்தது. வாங்கியது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிஸ்டல். கைப்பைக்குள் கிடந்தால் மூக்குக்கண்ணாடிக் கூடு என்றுதான் நினைப்பார்கள். அது வீட்டுக்கு வந்தால் தைரியம் வரும் என்று எண்ணியிருந்தேன். வந்ததோ வேறு பயம். பீரோவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். சமையலுக்கு நடுவில் ஓடிப்போய் நான்காவது முறையும் பார்ப்பேன்.

சுட்டுப் பழகுவதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கடையில் புதுத் தராசு வந்தாலும் சரி, பில் போடும் மிஷின் வந்தாலும் சரி, சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடமாட்டோம். பிஸ்டல் மட்டும் என்ன பாவம் செய்தது? தோட்டா இல்லாமல் சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்தேன். பிடியில் ஒரு பொட்டு, மேலே ஒரு பொட்டு. முகம் என்று பார்த்தால் குழல் வாய்தானே, அங்கே குழைத்த சந்தனத்தைத் தாராளமாகவே அப்பினேன். பூ வைக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. ஒரே ஒரு முல்லை அரும்பை எடுத்து அந்தக் குழல் வாயிலேயே செருகினேன். பார்க்க அழகாக இருந்தது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பூவைக் காணோம். தாம்பாளத்தில் உதிர்ந்து கிடந்த பூக்களோடு அதுவும் விழுந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். ஈரத்துணியால் மேலே எல்லாம் துடைத்தேன். குழல் வாயில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துணியைச் சுருட்டி அழுத்தித் தேய்த்தேன். போய்விட்டது. எங்கே போனது என்று யோசிக்கவில்லை. "ஏட்டி, சரியாத் தொடச்சியா?" என்று கணவர் கேட்டதற்கு, பாத்திரம் துலக்கியதைப் பற்றிக் கேட்டதுபோல "ஆச்சு, ஆச்சு" என்றேன். முதல் முறை சுடுவதற்கு முன் குழலுக்குள் விட்டுத் தேய்க்கச் சொல்லித் துப்பாக்கிக் கடைக்காரர் கொடுத்த பிரஷ், பிரிக்காத உறையோடு பெட்டியிலேயே கிடந்தது. அந்தப் பெட்டியோடுதான் பிஸ்டலைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பழகும் கூடத்தில் கணவரைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் முப்பது வயதுகூட ஆகாத பெண். துறுதுறுவென்று இருந்தாள். கறாரான பேச்சு. உரிமத்தையும் தோட்டாக்களையும் சரிபார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"குழலை உள்ள சுத்தம் பண்ணிப் பாத்தீங்களாம்மா?"

சுடுவதற்கென்று தடுத்திருந்த பக்கத்துத் தடத்தில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். வந்ததிலிருந்து என் வளையலையும் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இந்தம்மாவுக்கு எதற்குத் துப்பாக்கி என்று அவர்கள் மனசுக்குள் ஓடியது, வாய்விட்டுச் சொன்ன மாதிரியே எனக்குக் கேட்டது. இத்தனை வருட வியாபாரத்தில் வாடிக்கையாளர் முன்னால் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை. தெரியாத கல்லைக் கொண்டுவந்து காட்டினாலும் ஒரு பேர் சொல்லிச் சமாளிக்கிற வாய் இது.

"பார்த்தேனே!" என்றேன்.

அவள் தலையாட்டினாள். காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டிவிட்டாள். தோட்டாக்களைப் போட்டேன். இரண்டு கையாலும் பிஸ்டலைப் பிடித்து எதிரே தொங்கிய தாளை நோக்கி நீட்டினேன். வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வது, காதை மூடியிருந்தும், எலும்பு வழியாகத் தெரிந்தது. வாய்க்குள் கந்த சஷ்டி ஓடிக்கொண்டிருந்தது. விரலை விசைமேல் வைத்தேன்.

நான் பிடித்த விதம் சரியில்லை போல. அவள் என் தோளோரம் குனிந்து கையை நீட்டி என் பிடியைத் திருத்தினாள். அப்படியே நின்றுவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். தன் விரல் நுனியைப் பார்த்தாள். அதில் மஞ்சளாக ஏதோ பொடி.

அடுத்த நொடி என் மணிக்கட்டை இரும்பாகப் பிடித்துக்கொண்டாள். துப்பாக்கி தாளைப் பார்த்தபடியே இருந்தது. "விரலை வெளில எடும்மா! எடு!" என்ற சத்தம் காதுமூடியையும் தாண்டி வந்தது. எடுத்தேன். பிஸ்டலை என் கையிலிருந்து வாங்கி, தோட்டாக்களை எல்லாம் வெளியேற்றி, மேசைமேல் வைத்த பிறகுதான் அவள் மூச்சே விட்டாள்.

"இன்னாம்மா இது, சந்தன வாசன வருது?"

எனக்கு அந்த வாசனை தெரியவே இல்லை. வெள்ளிதோறும் என் கையில் இருக்கிற வாசனை அது, எனக்கு எப்படித் தெரியும்?

பிஸ்டலைக் கழற்றிக் குழலைத் தனியே எடுத்தாள். ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் என்னைப் பார்க்கச் சொன்னாள். ஒரே இருட்டு. வெளிச்சம் இந்தப் பக்கம் வரவே இல்லை. மெல்லிய கம்பியை விட்டுத் தள்ளினாள். வெள்ளைத் துணிமேல் பொத்தென்று விழுந்தது, காய்ந்து கட்டியான சந்தனம். அதன் நடுவில் பழுப்பேறிப்போன என் முல்லை அரும்பு.

துணியைச் சுருட்டி நான் தேய்த்தது துடைத்ததாகவே இல்லை, எல்லாவற்றையும் உள்ளே தள்ளி அடைத்திருக்கிறேன். இப்படி அடைத்த குழலில் தோட்டா கிளம்பினால் குழலே வெடித்துச் சிதறலாம் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கை போயிருக்கும் என்பது முதலில் தோன்றியது. பிறகுதான் உறைத்தது: என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்திருந்ததே, அந்த முகம்? அதில் இரண்டு கண்கள் இருக்கின்றனவே?

வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தப்பு என் மேலயும் கீதும்மா. யாரு சொன்னாலும் நானே குழல பாத்துட்டுதான் வுடணும். நீங்க பெரியவங்க, பாத்தேன்னு சொன்னீங்க. பெரியவங்கள எப்டி சந்தேகப்படறதுன்னு வுட்டுட்டேன்."

வெட்கத்தில் தலையைத் தூக்க முடியவில்லை. நான் பொய் சொன்னேன், அவள் என் நரைமுடிக்கு மரியாதை கொடுத்தாள். இரண்டும் சேர்ந்து இரண்டு பேரையும் தொலைத்திருக்கும்.

"பார்க்கலைம்மா, எப்படிப் பார்க்கணும்னே எனக்குத் தெரியாது" என்று சொன்னேன். பக்கத்துத் தடத்து ஆண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்று இருந்தது. இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்தவளை அவள் விடவில்லை. பிரஷ்ஷைப் பிரிக்கச் சொல்லி, என் கையாலேயே தேய்க்க வைத்து, குழலுக்குள் வட்டமாக வெளிச்சம் தெரிகிறது என்று நான் சொன்ன பிறகு தானும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் தோட்டா போட விட்டாள். அன்று எட்டுத் தோட்டா சுட்டேன். ஐந்து தாளில் பட்டது. மற்ற மூன்றும் எங்கே போயின என்று அவள் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கணவர், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை. 'ஆச்சு, ஆச்சு' நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, பூவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோ அசோக் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை அவர் தன் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சந்தனம் வைப்பதை நான் நிறுத்தவில்லை. இப்போது பெட்டியின் மூடிமேல் வைக்கிறேன், பூவும் அங்கேதான். ஆனால் அடுப்போ, பூட்டோ, நகையின் கொக்கியோ, எதைப் பற்றியாவது யாராவது "பார்த்தீங்களா?" என்று கேட்டால், 'பார்த்தேன்' என்று வாய் முந்தும் அந்த நொடியில் என் தோளோரம் குனிந்திருந்த அந்த முகம் ஞாபகத்துக்கு வருகிறது, "இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போகிறேன்.