தண்ணி அக்காவுக்காக எழுதிய மனுக்கள்

எனக்கு மனு எழுத வரும். சமையல் சுமார், பாட்டு வராது, ஸ்கூட்டர் ஓட்டச் சொன்னால் கை நடுங்கும். ஆனால் பெறுநர், பொருள், பார்வை என்று வரிசையாகப் போட்டு உட்கார்ந்துவிட்டால், எந்த அதிகாரியும் சும்மா தூக்கிப் போட முடியாத ஒரு தாளை அரை மணியில் எழுதி முடித்துவிடுவேன். கல்பாக்கம் பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், நிர்வாகப் பிரிவில், ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இல்லை, இருந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். வேலைக்காக வந்து, மாமல்லபுரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், வயலை நிரவிப் போட்ட மனைப்பிரிவில் வீடு கட்டினோம். நுழைவாசலில் அலங்கார வளைவு உண்டு, பெயர்ப்பலகை உண்டு, பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் சீமைக்கருவேலம் உண்டு. கால்வாய்தான் கிடையாது. குளித்த தண்ணீர் தெருவிலேயே நிற்கும். குப்பையைக் காலி மனையில் கொட்டிக் கொளுத்துவோம். ஊராட்சிக்கு இருந்தது ஒரே ஒரு டிராக்டர்; அதுவும் பாதி நாள் டயர் இல்லாமல் நிற்கும். நெம்மேலியில் கடல்தண்ணீரை நல்ல தண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த நாங்கள் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தோம்.

வளைவுக்கு எதிரே ஏரிக்கரை. அதைத் தாண்டினால் பழைய ஊர். நான் காலையில் அலுவலகப் பேருந்துக்காக நிற்கும் அதே இடத்தில்தான் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கூடுவார்கள். ஏரி தூர்வாருவது, வரப்புப் போடுவது என்று எதுவாக இருந்தாலும் அவர்களுக்கு அது ‘ஏரி வேலை’. வருகைப் பதிவுக்காக அவர்களை வரிசையாக நிறுத்திப் போனில் படம் எடுப்பார்கள். அந்த வரிசைக்கு வெளியே, கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு ஒருத்தி தினமும் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். இடது கால் போலியோவில் சூம்பியது. நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள்.

ஒருநாள் அவளே என்னிடம் வந்தாள்.

“மேடம், நீங்க நல்லா எழுதுவீங்களாமே. இவ எங்க மண்ணு தூக்கப் போறான்னு என்னிய சேத்துக்க மாட்டேன்றாங்க. ஒரு மனு எழுதிக் குடுங்களேன்.”

வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர் கொடுக்க மாற்றுத்திறனாளிகளை வைத்துக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருந்தது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடுத்த மாதமே வேலை கிடைத்துவிட்டது. இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு சொம்பு, புளியமரத்து நிழல். கரை முழுக்க “யக்கா, தண்ணி” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தண்ணி அக்கா என்பதே அவளுக்குப் பெயராகிவிட்டது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அரசு தரும் உதவித்தொகை அவளுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ஏடிஎம் அட்டை அண்ணியின் பீரோவில் இருந்தது. ஏரி வேலைக் கூலி மட்டும் புதிதாகத் தொடங்கிய வேறு கணக்கில் விழுந்தது. அதிலிருந்து அவளாகவே எடுத்து வீட்டுக்குக் கொடுப்பாள்.

“இப்பல்லாம் அண்ணியே ‘வா, வந்து துன்னு’ன்னு கூப்டுது மேடம்” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்கு முன்னால் எப்படிச் சாப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை.

இதற்கிடையில் எங்கள் மனைப்பிரிவுச் சங்கத்துக்கு ஆசை வந்துவிட்டது. ஊராட்சியைப் பேரூராட்சியாக்க வேண்டும். கால்வாய் வரும், குப்பை வண்டி வரும், விளக்கு வரும். மனை விலையும் ஏறும். அதை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். “கருங்குழி என்ன பெரிய பட்டணமா? அதுவே பேரூராட்சி. நமக்கென்ன குறைச்சல்?” என்பார் சங்கத் தலைவர். தீர்மானத்தை எழுதும் பொறுப்பு இயல்பாகவே என் தலையில் விழுந்தது. நானும் மகிழ்ச்சியாகத்தான் எழுதினேன். வளர்ந்துவரும் மக்கள்தொகை, சுகாதாரச் சீர்கேடு, அடிப்படை வசதிகளின் இன்றியமையாமை என்று ஒவ்வொரு வரியையும் இழைத்து இழைத்து எழுதினேன்.

தீர்மானம் கிராம சபையில் நிறைவேற வேண்டும். கிராம சபைக்கு ஆள் எண்ணிக்கை வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு ஒரே வழிதான்: ஏரி வேலைப் பெண்களைக் கூட்டிவந்து உட்காரவைப்பது. வராதவர்களுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை என்று ஊராட்சி செயலர் முதல்நாளே சொல்லிவிடுவார். மனைப்பிரிவிலிருந்து பத்துப் பேர் வந்தால் அதிகம். லீவு நாளில் எங்களுக்குத் தூக்கம் முக்கியம். அன்றைக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெண்கள்தான். தண்ணி அக்கா அங்கேயும் குடத்தோடு ஓரமாக இருந்தாள்.

செயலர் என் தீர்மானத்தை வாசித்தார். வாசித்து முடித்ததும் அவள் எழுந்து, அவரைப் பார்க்காமல், முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“மேடம், பேரூராட்சி ஆயிட்டா ஏரி வேல இருக்குமா?”

எனக்குத் தெரியாது. ஊராட்சிக்கு மட்டும்தான் அந்தத் திட்டம் என்று எங்கேயோ படித்த ஞாபகம் லேசாக இருந்தது. உறுதியாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு நடுவில், எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கையில், தெரியாது என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

“அதுக்கெல்லாம் அரசு தகுந்த மாற்று ஏற்பாடு செய்யும்” என்றேன்.

பணிக்காலம் முழுக்க நான் கோப்புகளில் எழுதித் தள்ளிய வாக்கியம் அது. அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்பது எழுதும் எங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, “மேடமே சொல்லிட்டாங்க, கவர்மெண்டு பாத்துக்குமாம்” என்றாள். தீர்மான நோட்டு கை மாறிக்கொண்டே போனது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆணை வர வெகுநாள் ஆகவில்லை. வளைவில் பட்டாசு வெடித்தார்கள், ஜிலேபி கொடுத்தார்கள். பொய் சொல்லக்கூடாது, கால்வாய் வந்தது. விளக்கு வந்தது. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேட்டரி வண்டி குப்பை எடுக்க வந்தது. வீட்டு வரி ஏறியதற்கு எங்கள் தெருவில் முனகினார்கள், பிறகு கட்டினார்கள். ஏரி வேலை நின்றுபோனது. பேரூராட்சிக்கும் அதுபோல் ஒரு வேலைத்திட்டம் உண்டு என்றார்கள்; எங்கள் பேரூராட்சிக்கு அது வரவே இல்லை.

உடம்பில் தெம்பிருந்த பெண்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். முட்டுக்காடு வரைக்கும் உள்ள ரிசார்ட்டுகளில் பெருக்கித் துடைக்க ஒரு வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். சிலர் பேரூராட்சியிலேயே காண்டிராக்டில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார்கள். தண்ணி அக்காவை வேனில் ஏற்றவில்லை. கொஞ்ச நாள் அந்த வேன் கிளம்பும்வரை வளைவில் நின்றிருந்துவிட்டுத் திரும்பிப் போவாள். பிறகு என் வீட்டுக்கு வந்தாள்.

“ஏரி வேலய திருப்பிக் குடுக்கச் சொல்லி எழுதுங்க மேடம். போன தபா நீங்க எழுதினது ஒடனே நடந்துச்சி இல்ல?”

எழுதினேன். நடக்காது என்று தெரிந்தே எழுதினேன். ஒரு திங்கட்கிழமை இருவரும் பஸ் ஏறி, செங்கல்பட்டில் கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். மனு கை மாறி, கடைசியில் ஒரு நடுவயது அதிகாரியின் மேசைக்கு வந்தது. அவர் கெட்டவர் இல்லை. எங்கள் ஊர்க் கோப்பை எடுக்கச் சொல்லிப் பார்த்தார், எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“இத உங்க ஊரே கேட்டு வாங்கியிருக்கீங்கம்மா. தீர்மானம் இருக்கு, கையெழுத்து இருக்கு. இப்ப வேணாம்னா எப்படி?” என்றவர், இரண்டு வரி வாசித்துவிட்டு, “நல்ல டிராஃப்ட். யாரு எழுதினது?” என்றார்.

நான் குனிந்து கைப்பையில் பஸ் டிக்கெட்டைத் தேடினேன்.

“எங்க மேடம்தான் சார்” என்றாள் தண்ணி அக்கா. அந்தக் குரலில் பெருமை இருந்தது. அடுத்த பக்கத்தில் விரலை வைத்து, “இது என் கையெயித்து” என்று அதையும் காட்டினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவளோ ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, காலை நீட்ட இடமில்லாமல் ஒருக்களித்து உட்கார்ந்து, “பாவம், அந்த சார் இன்னா பண்ணுவாரு” என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்படி ஒரு மனுஷி நம்புவாளா? என்னை நம்பச் சொல்லி யார் அழுதது?

அந்த வருஷ மழைக்காலத்துக்குள் அண்ணன் வீட்டில் நிலைமை மாறிவிட்டது. அண்ணி கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதை நிறுத்தினாள். பிறகு வைப்பதையே நிறுத்தினாள். தண்ணி அக்கா படுத்துக்கொண்டிருந்த உள்தாழ்வாரத்தில் அண்ணன் மகனின் பைக் ஏறி நின்றது. அண்ணன் என்னிடமே வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “செங்கல்பட்டாண்ட இவங்கள மாரி ஆளுங்களுக்கு ஒரு ஹோம் கீதாம் மேடம். நீங்க எழுதினா சேத்துப்பாங்களாம்.”

படிவத்தை நிரப்பிய அன்று அவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். ‘ஆதரவற்றவர்’ என்ற இடத்தில் நிறுத்தினாள்.

“வூடு கீது. அண்ணன் கீறாரு. ஒர்த்தரும் இல்லன்னு எழுதினா அண்ணனுக்கு அசிங்கம் இல்ல மேடம்?”

“அப்படி எழுதினாத்தான் சேத்துப்பாங்க அக்கா.”

இடது காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு, “சரி, எழுதுங்க. அங்க எல்லாருக்கும் நான் தண்ணி குடுப்பேன்னும் ஒரு வார்த்த சேத்துக்குங்க” என்றாள். படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன். எழுதும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. ஒரே வாரத்தில் இடம் கிடைத்தது. நான் எழுதியதாயிற்றே.

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். அதற்குமுன் போக எனக்குத் தைரியம் வரவில்லை. நீளமான கூடம், வரிசையாக இரும்புக் கட்டில்கள். அவள் மூன்றாவது கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். மேற்பார்வை பார்க்கும் அம்மாவிடம், இவளுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை ஏதாவது தரக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். கால் முடியாதவர்களை வேலை வாங்கினால் நாளைக்கு யாராவது புகார் எழுதுவார்கள், கட்டிலில் இருந்தால் போதும் என்றார்.

கட்டிலுக்குத் திரும்பி வந்தேன். தண்ணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாள் முச்சூடும் குந்திக்கினே கீறேன் மேடம். இந்த அம்மா நான் சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. நீங்க ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன். நீங்க எழுதினா கேப்பாங்க.”

தாள் கொண்டுவரவில்லை அக்கா, என்றேன். கைப்பையில் பேனாவும் இருந்தது, தாளும் இருந்தது.